எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வறண்ட உணவு: தண்ணீர் இல்லாமல் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தவறாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்த வேண்டும் (சில மருத்துவமனைகளில் 15 நிமிடம் என்பார்கள்), சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும். இதைச் சொல்கிற அளவுக்கு, தட்டில் இருக்கும் உணவும் அந்த விதிக்கு ஏற்றதாக மாற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வதில்லை. வாழ்நாள் முழுக்க இரண்டு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்று பழகியவர், அதே காய்ந்த கோழித் துண்டை இப்போது வெறுமனே விழுங்கப் பார்க்கிறார். அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது. டம்ளரில் இருந்த ஈரம் தட்டுக்கு வர வேண்டும். இதை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலகாரணம்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். இந்த அறுவை சிகிச்சையின் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, குறுகலான ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. இன்னொரு வகையான பைபாஸ் முறையில் உணவு வந்து சேர்வது சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பைக்கு. அந்தப் பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். முன்பெல்லாம் நாம் பாதி மென்று விழுங்கியதை இரைப்பையின் கீழ்ப்பகுதி கடைந்து கூழாக்கிவிடும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தப் பகுதி உணவின் பாதையிலேயே இல்லை. அந்த வேலை முழுவதும் இப்போது பல்லுக்கும் எச்சிலுக்கும் வந்துவிட்டது. வறண்ட உணவைக் கூழாக்க எச்சில் மட்டும் போதுவதில்லை.

சிக்கிக்கொண்டதைத் தண்ணீரால் தள்ளப் பார்ப்பது

அபாயமான தவறு என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். உணவு நின்றுவிட்டால் நடுநெஞ்சில் ஓர் இறுக்கம் தெரியும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கீழே போக வழியில்லாமல் அந்த எச்சில் நுரையாக மேலே வரும். உடனே கை தண்ணீருக்குப் போகிறது. அடைத்துக்கொண்ட தொட்டியில் மேலும் தண்ணீரைத் திறந்துவிடுவது மாதிரிதான் அது. போக இடமில்லாத தண்ணீர் மேலே ஏறும். வலி கூடும், பெரும்பாலும் வாந்தியில் முடியும். சோடா குடித்தால் ஏப்பத்தோடு இறங்கிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் இடத்தில் வாயுவையும் சேர்ப்பது மட்டுமே அதனால் நடக்கும். இறைச்சியை மிருதுவாக்கும் பப்பாளி நொதிப் பொடி, மாத்திரை எதையும் இதற்காக விழுங்க வேண்டாம். உணவுக்குழாயின் சுவரையே அது புண்ணாக்கக்கூடும்.

செய்ய வேண்டியது சாப்பிடுவதை நிறுத்துவதுதான். எழுந்து மெதுவாக நடக்கலாம். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிவிடலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். இறங்கியதும் மிச்சத்தைச் சாப்பிட உட்காரக் கூடாது, ஏனென்றால் அந்த இடம் வீங்கியிருக்கும். அன்று முழுவதும் திரவ உணவு, மறுநாள் மிருதுவான உணவு என்று போவது நல்லது. மூச்சு விட முடியவில்லை, பேச முடியவில்லை என்றால் உணவு மூச்சுக்குழாயில் அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது காத்திருக்கவே கூடாது, உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

புரதம் வேண்டும் என்று காய்ந்த இறைச்சியையே பிடித்துக்கொள்வது

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். கொழுப்பும் குறைய வேண்டும், புரதமும் வேண்டும் என்று பலரும் கோழியின் நெஞ்சுக் கறியை எண்ணெய் இல்லாமல் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். உட்கொள்ள அதைவிடக் கடினமான இறைச்சி குறைவு. சூடு ஏறும்போது இறைச்சியின் நார்கள் சுருங்கி ஈரத்தைப் பிழிந்துவிடும். அதை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மைக்ரோவேவில் சுட வைத்தால் மிச்சமிருந்த ஈரமும் போய்விடும். நேற்று நன்றாக இறங்கிய அதே கறி இன்று நெஞ்சில் நிற்பதற்கு இது போதும்.

நெஞ்சுக் கறிக்குப் பதில் தொடைக் கறியோ கொத்துக்கறியோ எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த தீயில் மூடி போட்டு வேக வையுங்கள். நாரின் குறுக்காக வெட்டுங்கள். மறுபடி சுட வைக்கும்போது இரண்டு கரண்டி வேகவைத்த சாற்றை ஊற்றி மூடி வையுங்கள். தயிர், தக்காளிச் சாறு, மசித்த காய் என்று ஏதாவது ஒன்றில் புரட்டிய பிறகு வாயில் வையுங்கள். மீன் இயல்பாகவே மிருது, அதையும் அதிகம் வேக விடாமல் இருந்தால் சரி. கெட்டியாக அவித்த முட்டையின் மஞ்சள் கரு பொடிப்பொடியாகித் தொண்டையில் ஒட்டும். அதைத் தயிரில் மசித்துக்கொள்ளலாம், அல்லது முட்டையைக் கிளறி, ஈரம் இருக்கும்போதே இறக்கிவிடலாம்.

சரி, இப்படி ஈரம் சேர்ப்பதும் தண்ணீர் குடிப்பதும் ஒன்றுதானே என்ற சந்தேகம் வரும். ஒன்றில்லை. உணவின் மேல் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் ஈரம் உணவோடு சேர்ந்தே நகரும். தனியாகக் குடிக்கிற தண்ணீர் சின்னப் பையில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்லது உணவைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடும். அதனால்தான் வயிறு நிறைந்த உணர்வு நிலைக்காமல் போகிறது. சாப்பிட்டு முடித்த தட்டில் குளம் மாதிரி சாறு மிஞ்சினால் அது அதிகம். பைபாஸ் செய்தவர்கள் சாஸ் புட்டிகளில் உள்ள சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும். சர்க்கரை வேகமாகக் குடலுக்குப் போனால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்ப்பிங் தொல்லை வரும்.

பிரெட் மட்டும் இதில் விதிவிலக்கு. புதிதான, மிருதுவான பிரெட் வாயில் பிசைந்த மாவாகத் திரண்டு அப்படியே உள்ளே போய் அடைக்கும். மெல்லியதாக வெட்டி நன்றாகச் சுட்ட துண்டு பல்லில் நொறுங்கிவிடுவதால் பலருக்கு அதுவே எளிதாக இருக்கிறது. சோறும் பாஸ்தாவும் கட்டிகட்டியாகச் சேரும். உலர்ந்த பழங்கள் உள்ளே ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஆரம்ப மாதங்களில் இவற்றைத் தள்ளிப்போடுவதே மேல்.

தாகத்தோடு வந்து உட்காருவது

தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற பயத்தில் நாள் முழுவதுமே குறைவாகக் குடிப்பவர்கள் பலர். வாய் காய்ந்த நிலையில் சாப்பிட உட்கார்ந்தால் எச்சில் எங்கிருந்து வரும்? உடலில் நீர் குறைந்து மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டி வருவதும் இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி நடப்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரம் போதும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி, சாப்பிட அரை மணி, பின் அரை மணி. மூன்று வேளைக்கு நாலரை மணி நேரம் போகிறது. 16 மணி நேரம் விழித்திருப்பவருக்குப் பதினொன்றரை மணி நேரம் மிச்சம். நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்ற குறைந்தபட்ச அளவை எட்ட, மணிக்கு 130 மில்லி குடித்தால் ஆயிற்று. அதையும் ஒரே மூச்சில் குடிக்காமல் சிறு சிறு மிடறாகக் குடிக்க வேண்டும். இடையில் நொறுக்குத் தீனி கூடக்கூட இந்த நேரம் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. சாப்பாட்டு நடுவே வாயை நனைக்கும் அளவு ஒரு சின்ன மிடறு பட்டுவிட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வாயையும் இறக்குவதற்காகக் குடிப்பதுதான் கூடாது. அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள் வாயை உலர்த்தும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேகமும் அளவும் எல்லோரும் சொல்வதுதான், சுருக்கமாக முடிக்கிறேன். பட்டாணி அளவுத் துண்டு, 20 முதல் 30 முறை மெல்லுதல், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே கரண்டியைக் கீழே வைத்தல். திடீர் விக்கல், தும்மல், மூக்கு ஒழுகுதல் எல்லாம் பலருக்கு வயிறு நிறைந்ததன் அடையாளம். அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம். பல்செட் சரியாகப் பொருந்தாதவர்கள் அதை முதலில் சரி செய்துகொள்ள வேண்டும்.

எளிதாக இறங்குவதற்கே மாறிவிடுவது

இரண்டு முறை கோழிக்கறி சிக்கிவிட்டால் மனம் அதை வெறுத்துவிடும். அப்புறம் பிஸ்கட், சிப்ஸ், பொரி வகைகள் பக்கம் கை போகும். அவையும் வறண்டவைதான், ஆனால் வாயிலேயே கரைந்து எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிடும். கூடவே ஒரு பானமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், வயிறு நிறையவே நிறையாது. புரதம் குறைந்து, எடை திரும்ப ஏறத் தொடங்குவது பலருக்கு இந்த வழியில்தான். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வலிக்கும் உணவை விட்டு வலிக்காத உணவுக்குப் போவது இயற்கை. அதனால்தான் இறைச்சியை ஈரமாகச் சமைப்பது இவ்வளவு முக்கியம். அது முடியாத நாளில் தயிர், பன்னீர், நன்றாகக் குழைந்த பருப்பு போதும்.

வாந்தியைச் சகஜம் என்று விட்டுவிடுவது

எப்போதோ ஒருமுறை அவசரமாகச் சாப்பிட்டு வாந்தி வந்தால் காரணம் தெரியும். கவனமாக மென்று, ஈரமான உணவையே சாப்பிட்டும் தொடர்ந்து சிக்கினால் அது உங்கள் தவறு அல்ல. முதலில் திட உணவு, பிறகு மிருதுவானது, கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று படிப்படியாகப் போனால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம். முதல் சில மாதங்களில் இது வருவதுண்டு. எண்டோஸ்கோப்பி வழியே பலூனால் விரித்துச் சரிசெய்வார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றாலோ, ஒரு நாள் முழுக்கத் திரவம் எதுவும் தங்கவில்லை என்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் அவசரம் காட்டச் சொல்வதற்குக் காரணம் வைட்டமின் பி1, அதாவது தயமின். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் குழப்பம், பார்வைத் தடுமாற்றம், நடை தள்ளாட்டம் எல்லாம் வரும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஆகவே எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும், எந்த வகை அறுவை சிகிச்சை, எப்போது செய்தது, எத்தனை நாளாக வாந்தி என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். டிரிப் போடுவதற்கு முன் தயமின் தேவையா என்றும் கேளுங்கள்.