"சென்னைக்குப் பக்கத்தில்" என்று சொல்லாதீர்கள்: பிரான்ஸில் படிக்கப் போகிறவர்கள் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மேற்படிப்புக்குப் பிரான்ஸ் கிளம்பும் பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் என்னைத் தேடி வருகிறார்கள். விசா, வாடகை அறை, எத்தனை ஸ்வெட்டர், குக்கரைப் பெட்டியில் வைக்கலாமா என்று கேள்விகள் நீளும். காபி இடைவேளையில் பக்கத்தில் நிற்பவரிடம் என்ன பேசுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அங்கே போன பின் எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அச்சுப் பிசகாமல் செய்துவிட்டு, "யாரும் என்னோடு பழகுவதில்லை அக்கா" என்று தொலைபேசியில் வருந்துகிறார்கள். உச்சரிப்பு, இலக்கணத் தடுமாற்றம் ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். போகப் போக அவை தாமாகவே சரியாகிவிடும்.

சொந்த ஊரை மறைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். "எந்த ஊர்?" என்று அங்கே கேட்காதவர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை "இந்தியா" என்கிறது. எந்தப் பகுதி என்று மறுபடியும் கேட்டால், "தெற்கே, சென்னைக்குப் பக்கத்தில்." கடலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 180 கிலோமீட்டர்! கேட்டவர் அதற்கு மேல் எதைக் கேட்பார்? "அங்கே வெயில் அதிகமோ?" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

தென் பிரான்ஸில் சூழலியல் படிக்கப் போன தம்பி ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பாக முடிந்தது என்பதைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் அவனுக்கு எதிர் மேசையில் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி இருந்தாள். முதல் வாரமே ஊரைக் கேட்டிருக்கிறாள். இவனும் வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறான். அதன்பின் மாதக்கணக்கில் காலை வணக்கமும் மழையும் குளிரும்தான் அவர்களுக்குள் பேச்சு. அவள் ஆராய்ந்ததோ அலையாத்திக் காடுகளை. இரண்டாம் ஆண்டில் எல்லோரும் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்தபோது, தமிழ்நாட்டுக் கரையை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அவள் குழு உதவித்தொகையோடு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வகுப்பில் இவன் ஒரு புகைப்படத்தைக் காட்டினான்: கிள்ளையில் மாமாவின் படகு, வாய்க்காலின் இரு கரையிலும் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை வேர்கள். அவள் இருக்கையை விட்டு எழுந்து வந்துவிட்டாள். "பிச்சாவரமா? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

அவளுக்குப் பிச்சாவரம் தெரியும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தக் காட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது மரங்கள் கரையை எந்த அளவுக்குக் காத்தன என்று 2005-இல் வெளிவந்த, உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வு எடுத்துக்கொண்டது கடலூர் மாவட்டக் கரையைத்தான். இவனோ அந்த நாளில் மாமா வீட்டார் தப்பிய கதையைக் கேட்டே வளர்ந்தவன். அவனிடம் அறிவும் இருந்தது, மொழியும் இருந்தது. கடலூரை இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்ற நினைப்பு ஒன்றே அவனைக் கெடுத்தது.

தெரியாத ஊர் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். பாரிஸில் ஈஃபெல் கோபுரத்தை ஒட்டிப் போகும் சாலைக்கு சுஃப்ரேன் என்று பெயர். 1783-இல் கடலூருக்கு எதிரே நடந்த கடற்போரில் பிரெஞ்சுக் கப்பல்களை நடத்திய தளபதி அவர்தான். புதுச்சேரியிலும் அவர் பெயரில் வீதி இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலேயர் இருந்தால் குண்டு கிராமங்களைச் சொல்லுங்கள்: 1690-இல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களையெல்லாம் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போனவரை நான் பார்த்ததில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் எளிது. இந்தியாவிலிருந்த ஐந்து பிரெஞ்சுப் பகுதிகளின் பெயர்களையும் பள்ளியில் மனப்பாடம் செய்த பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள்.

எங்கள் வகுப்பில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துத் தோழி ஒருத்தி இருந்தாள். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலருக்கு அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க உதவியவை அவள் ஊர்ப் பாண்டங்களின் உடைந்த ஓடுகள். அதைச் சொன்னதும் அவள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். யார் கொண்டு வந்தார்கள், எதற்கு, பதிலுக்கு என்ன வாங்கிப் போனார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்ள, அன்றைய மதிய உணவு வகுப்பு மணி தாண்டியும் நீண்டது.

பாடம் நடத்துவது

ஊரைப் பற்றி ஒரு செய்தி போதும். உடனே, "உங்கள் ஊர் எப்படி?" என்று கேளுங்கள்.

தமிழ் மேசை

நான்கு தமிழர் சேர்ந்தால் தனி மேசைதான். வீட்டு நினைவு வாட்டும்போது அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பிரான்ஸில் மதியச் சாப்பாடு என்பது உட்கார்ந்து, பேசி, பிறகு காபியும் குடித்து எழும் நேரம். எந்தப் பேராசிரியர் கறார், எந்த ஆய்வகத்தில் இடம் காலியாகிறது என்பதெல்லாம் அறிவிப்புப் பலகைக்கு வருமுன் அந்த மேசைக்கு வந்துவிடும். டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்குத் திரும்புகிறவருக்கு எதுவும் எட்டாது. வாரத்தில் பாதி நாளாவது மற்றவர்களோடு உட்காருங்கள்.

போன்ஜூர் இல்லாமல் வாய் திறப்பது

போன்ஜூர் என்பது பிரெஞ்சு வணக்கம். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடவே கூடாது. பஸ் ஓட்டுநரிடமும்தான்.

சம்பளம், வயது, கல்யாணம்

கேட்காதீர்கள்.

திங்கட்கிழமைக் கேள்வி

"வார இறுதி எப்படிப் போனது?" என்றால், "ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தேன்" என்று முடித்துவிடுகிறார்கள். வீட்டில் இருந்தபோது என்ன செய்தீர்கள்? அம்மாவிடம் கேட்டு மீன் குழம்பு வைத்தீர்கள் அல்லவா, அதைச் சொல்லுங்கள். ஊருக்குப் பேச நேரக் கணக்குப் போட்டதைச் சொல்லுங்கள்: கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிற்றில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் நாலரை. அந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.

புரியாமல் தலையாட்டுவது

நம் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்த தோழியிடம் தலையாட்டிவிட்டு வந்த பெண் ஒருத்தி, தன்னை அழைத்ததே அடுத்த வாரம்தான் தெரிந்துகொண்டாள். அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். முழுவதும் புரியாவிட்டாலும் நாளையும் நேரத்தையும் மட்டுமாவது திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் தாளை நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள்.