செவர்லே சி1500 பிக்கப்: முன் ரோட்டாரும் வீல் பேரிங்கும் நாமே மாற்றுவது எப்படி

1988 முதல் 1998 வரை வந்த செவர்லே சி1500, அதிலும் டூ வீல் டிரைவ் வண்டிக்கான பதிவு இது. அமெரிக்காவில் இன்னும் நிறைய ஓடுகின்றன. பழசாக வாங்கியவர்கள் நம்மவர்களிலும் உண்டு. ஜாக் வைப்பது, வீல் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபிரேமுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பெரும்பாலான கார்களில் காலிபரை (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) கழற்றினால் ரோட்டார் (பிரேக் தட்டு) கையோடு வந்துவிடும். இந்த வண்டியில் வராது. ரோட்டாரும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு, உள்ளே இரண்டு டேப்பர் பேரிங் (கூம்பு வடிவ ரோலர் பேரிங்). பிரேக் வேலை என்று தொடங்கினாலும் முக்கால்வாசி பேரிங் வேலைதான்.

வாங்க வேண்டியவை: இரண்டு பக்கத்துக்கும் ரோட்டார், பேட் செட், உள் சீல், காட்டர் பின் (நட் சுழன்று கழலாமல் தடுக்கும் மடக்குக் கம்பி), உயர்வெப்ப வீல் பேரிங் கிரீஸ், இரண்டு மூன்று டப்பா பிரேக் கிளீனர். கிரீஸ் டப்பாவில் ஜிசி-எல்பி (GC-LB) என்ற கிரீஸ் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்கையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள். புது ரோட்டாரில் பெரும்பாலும் புது ரேஸ் (பேரிங் ரோலர் ஓடும் வளையம்) இருக்கும். அதில் பழைய பேரிங்கை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கழற்றுதல்

காலிபரை இரண்டு ஆலன் போல்ட் பிடித்திருக்கும். எல் வடிவ ஆலன் கீ வேண்டாம், தலை வழுக்கிவிடும். சாக்கெட்டில் மாட்டும் ஆலன் பிட்டே நல்லது, தட்டி முழுதாக உள்ளே இறக்கிவிட்டுத் திருப்புங்கள். போல்ட்டை உருவுவதற்கு முன்பே, ஒரு பெரிய சி-கிளாம்ப் வைத்து காலிபரின் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று விற்கும் பிஸ்டன் டூல் எதுவும் தேவையில்லை. கழற்றிய காலிபரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக்கூடாது.

அப்புறம் டஸ்ட் கேப், காட்டர் பின், நட், வாஷர். ரோட்டாரை லேசாக வெளியே இழுத்தால் வெளி பேரிங் உள்ளங்கையில் விழும். மொத்தமாக உருவிவிடலாம். ஸ்பிண்டிலை (ஹப் சுழலும் அச்சு) துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ, பள்ளம் தட்டினாலோ புது பேரிங் போட்டும் பயனில்லை.

கிரீஸ் வைத்தல்

புது ரோட்டாரில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இருபுறமும் கழுவித் துடையுங்கள். கிரீஸை உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுங்கள். ரோலர்களுக்கு நடுவிலிருந்து மறுபக்கம் புழு மாதிரி கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது. பிறகு சுற்றிச் சுற்றி எல்லா ரோலருக்கும் இதே வேலை. மேலே மட்டும் பூசினால் உள்ளே காய்ந்தே ஓடும். உள் பேரிங்கை வைத்து, சீலை ஒரு தட்டையான மரக்கட்டையால் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

நட்: இங்கேதான் கவனம்

ஊரில் பைக் வீல் நட்டை இறுக்கிப் பழகிய கை, இங்கேயும் இறுக்கத்தான் பார்க்கும். பைக்கில் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஸ்பேசர் குழாய் இருக்கிறது. இறுக்கும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் இறுக்குவது அத்தனையும் நேராக ரோலர்மேல் போகும். பேரிங் சூடாகி, கிரீஸ் உருகி, நடுச்சாலையில் காலை வாரிவிடும்.

ரோட்டாரை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். இது பேரிங் ஒழுங்காக உட்காருவதற்கு மட்டும். இப்போது நட்டை முழுதாகத் தளர்த்திவிட்டு, வெறும் விரலால் முட்டும்வரை திருகுங்கள். ஸ்பானரைக் கீழே வைத்துவிடுங்கள். காட்டர் பின் ஓட்டை நேராக வரவில்லையா? இன்னும் இறுக்கி நேராக்கக்கூடாது. கொஞ்சம் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும், அதுவும் நட்டின் அரைப் பட்டைக்கு (ஆறு பக்கங்களில் ஒன்றின் பாதி) மேல் போகாமல். ஸ்பிண்டிலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஓட்டை இருப்பதால் ஏதாவது ஒன்று சிக்கிவிடும்.

ரோட்டாரை உள்ளும் வெளியுமாக இழுத்தால் 0.001 முதல் 0.005 அங்குலம் வரை ஆட்டம் இருக்க வேண்டும். அளவு கருவி இல்லாவிட்டால், கைக்கு ஒரு துளி அசைவு தட்டினால் சரி. சாதாரண அரை அங்குல டார்க் ரெஞ்சுகள் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) பலவற்றில் 12 என்ற அளவே இருக்காது. அங்குல-பவுண்டு ரெஞ்சு எடுத்து 144க்கு வையுங்கள். உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் வந்துவிடும்.

காட்டர் பின் புதிதாகவே இருக்கட்டும். மடித்த கால்கள் டஸ்ட் கேப்பில் உரசாதபடி வெட்டிவிடுங்கள்.

மாட்டுதல்

வெளிப் பேட்டின் காதுகள் காலிபரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும். காதை லேசாக மடக்கிச் சரிசெய்யலாம். எல்லாம் முடிந்தபின், வண்டியை நகர்த்தும் முன்பு, பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதிகள் தரைவரை போகும். சாலையில் போய் அதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல. பிறகு 30 மைல் வேகத்திலிருந்து நிதானமாகப் பலமுறை வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேடைப் பழக்குங்கள்.

பின்சேர்க்கை: ஃபோர் வீல் டிரைவ் கே1500 வைத்திருக்கும் சிலர் நட் அளவைக் கேட்டிருந்தார்கள். உங்கள் வண்டிக்கு மேலே சொன்ன நட் விவரம் பொருந்தாது. அதில் ஹப் மூடிய தொகுப்பு, பின்னாலிருந்து போல்ட் பிடித்திருக்கும்; ரோட்டார் தனியாகவே உருவி வந்துவிடும். ஆக்ஸில் நட்டை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு நன்றாகவே இறுக்க வேண்டும். இன்னொருவருக்கு வந்த புது ரோட்டாரில் ரேஸ் இல்லை. பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். ரேஸ் இல்லாமல் வந்தால், பேரிங்கோடு வரும் ரேஸை ரேஸ் டிரைவர் வைத்துத் தட்டி இறக்க வேண்டியிருக்கும். கடைசிவரை இறங்கிவிட்டதும் தட்டும் சத்தம் மந்தமாக இருந்தது கணீரென்று மாறும்.