நர்ஸ் வேலை இண்டர்வியூ: "என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால்

நர்ஸ் வேலைக்கான இண்டர்வியூவில் பாடக் கேள்விகளை எப்படியோ சமாளித்துவிட்டேன். "நோயாளிக்குத் திடீரென மூச்சு வாங்குகிறது, என்ன செய்வீர்கள்?" என்றதும்தான் வாயடைத்துப் போனது. வார்டில் கை தானாகச் செய்கிற வேலையை வரிசையாகச் சொல்ல வரவில்லை.

கைகொடுத்தது, டியூட்டி மாற்றும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்தும் எஸ்பார் (SBAR) முறைதான்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. பயிற்சியில் பார்த்த சில கேஸ்களை இந்த நான்கு தலைப்பில் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பழகினேன். மூச்சுத்திணறல் என்றால்: நிமிர்த்தி உட்கார வைப்பேன், உதவிக்குக் கூப்பிடுவேன், ஆக்ஸிஜன் அளவு, நாடித்துடிப்பு, மூச்சின் வேகம் பார்ப்பேன், டாக்டரிடம் இதே வரிசையில் சொல்வேன். நோயாளியைத் தனியாக விட்டுப் போக மாட்டேன் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதில் இருந்தால் மட்டும் இண்டர்வியூ எடுப்பவர்களுக்குத் தெரியாது.

எண்களைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். பெரியவர்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கைச் சுத்தத்துக்கான 5 தருணங்களும் நுனிநாக்கில் இருக்கட்டும்.

அப்புறம், எந்த உதாரணத்திலும் நோயாளியின் பெயர் வரவே கூடாது. கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால், ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று தயங்காமல் கேளுங்கள்.