தூக்குமேடைச் சொற்களை மேற்கோள் காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறைத்துறை, 1982 முதல் மரண தண்டனைக்கு உள்ளான கைதிகள் இறுதியாகக் கூறியவற்றைத் தன் இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. அத்தொகுப்பை எடுத்தாள்வோர் பலர், அதைச் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்ட பதிவாகவே நம்பிவிடுகிறார்கள். வசைச்சொற்கள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் குறிப்பு மட்டும் இடப்பட்ட பதிவுகள் அதில் உண்டு. எதுவும் கூற மறுத்தவர்களும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். "மரணத்தின் முன் மனிதன் இப்படித்தான் பேசுவான்" என்று பொதுவிதி வகுப்பவர்களின் கணக்கில் இவர்கள் வருவதே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, அச்சொற்களைத் தனிமையில் எழுந்த மனசாட்சியின் குரலாகக் கொள்வதாகும். விஷ ஊசி மூலம் தண்டனை நிறைவேற்றப்படும் டெக்சாஸின் ஹண்ட்ஸ்வில் சிறையில், கைதி படுக்கையோடு பிணைக்கப்பட்ட பிறகே, கூற விரும்புவது ஏதேனும் உண்டா என்று சிறை அதிகாரி கேட்கிறார். கண்ணாடிக்கு அப்பால் ஓர் அறையில் கொலையுண்டவரின் உறவினர்களும், மற்றோர் அறையில் கைதியின் சொந்தங்களும் நிற்கிறார்கள். அவர்களை நோக்கிய பேச்சு என்பதால்தான் மன்னிப்பும் அன்பும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே மன்னிப்புக் கேட்டதைக் குற்ற ஒப்புதலாகவோ, கடைசி மூச்சுவரை மறுத்ததை நிரபராதி என்பதற்கான சான்றாகவோ கொள்ளலாகாது. மறுப்பு, எதிரே நிற்கும் தாய்க்காகவும் சொல்லப்பட்டிருக்கலாம். வழக்கின் உண்மையைச் சாட்சியங்களில்தான் தேட வேண்டும்.

பழைய ஆவணங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில், தூக்கிலிடப்படுவோரின் "இறுதி உரை" அச்சடித்த தாள்களாக விற்கப்பட்டது. கைதி வாய் திறப்பதற்கு முன்பே அச்சேறிய உரைகளும் அவற்றில் உண்டு. நியூகேட் சிறையின் பாதிரியாரே கைதிகளின் வாழ்க்கையையும் வாக்குமூலத்தையும் வெளியிட்டு வருவாய் ஈட்டினார் என்பதால், அவற்றில் மண்டிக்கிடக்கும் பாவமன்னிப்பு வாசகங்களில் எது கைதியுடையது, எது பாதிரியாருடையது என்று பிரிப்பது எளிதன்று.

புகழ்பெற்ற வாசகமே கடைசி வாசகம் என்று எண்ணுவதும் தவறு. 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்னில் தூக்கிலிடப்பட்ட கொள்ளையர் நெட் கெல்லி, "வாழ்க்கை இப்படித்தான்" என்று கூறியதாக ஆஸ்திரேலியாவில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அன்றைய செய்தித்தாள்கள் அவர் கூறியதை ஒரே விதமாகப் பதிவு செய்யவில்லை. 1977இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்ட கொலைக் குற்றவாளி கேரி கில்மோரின் "செய்து முடிப்போம்" என்ற வாசகம் உலகெங்கும் பரவியது. அதன் பின் அவர் சிறைப் பாதிரியாரிடம் பேசிய சில சொற்களை மேற்கோள் நூல்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.