சாக்கெட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதாது: முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகன் தன் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்த அன்று இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தான். “எல்லாம் சரியா மாட்டிட்டேன் அண்ணா. ஃபேன் சுத்துது, லைட் எரியுது. மானிட்டர்ல மட்டும் ஒண்ணுமே வரல.” ரேமைக் கழற்றி மாட்டச் சொன்னேன். கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: ப்ராசசர் எது? ஏஎம்டியின் ரைசன் 5 5600 என்றான். அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டை இரண்டு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். பெயரின் கடைசியில் ஒரு ஜி சேர்ந்து 5600ஜி என்று இருந்திருந்தால் அன்றைக்கே திரையில் படம் வந்திருக்கும்.

அவன் வாங்கியதில் எதுவும் பழுதில்லை. எதுவும் பொருந்தாமலும் போகவில்லை. பொருந்தாத பொருள் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுத்துவிடலாம். அழகாகப் பொருந்திவிட்டு இயங்காமல் இருப்பதும், அரைகுறையாக இயங்குவதும்தான் குறைந்த பட்ஜெட்காரர்களின் கையைக் கடிக்கிறது. இங்கே அந்த வகைத் தவறுகளைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் ப்ராசசர் பெயரில் ஒட்டியிருக்கும் எழுத்து. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு (சாக்கெட் என்பது போர்டில் ப்ராசசரை மாட்டும் இடம்) வந்த ரைசன் வரிசையில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் உண்டு. ஏஎம்5 சாக்கெட்டுக்கு வந்த ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் படம் காட்டும் அளவுக்குச் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. 7500எஃப் அதற்கு விதிவிலக்கு. கார்டைப் பிறகு வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து சாக்கெட். பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இன்டெல்லின் எல்ஜிஏ 1151-ஐப் பாருங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் அதுதான், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் அதே எண்தான். எட்டாம் தலைமுறை ப்ராசசர் பழைய மதர்போர்டில் நன்றாக உட்காரும், ஆனால் ஆன் ஆகாது. பழைய சாமான் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கூடவே இன்னொன்று: விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை செட் மலிவாகக் கிடைக்கிறது என்று தாவுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

ஏஎம்4-இல் சிக்கல் வேறு மாதிரி. ரைசன் 2017-இல் வந்தபோதே அந்தச் சாக்கெட் இருந்தது. 2020-இல் வந்த 5000 வரிசையும் அதே சாக்கெட்தான். ஆனால் 2018-இல் வெளியான பி450 போர்டு ஒன்று தயாரானபோது ரைசன் 5600 என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. போர்டுக்குள் இருக்கும் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அதை அறியாது. பயாஸை அப்டேட் செய்தால் சரியாகிவிடும். அப்டேட் செய்ய வேலை செய்யும் ப்ராசசர் வேண்டும், அதுதான் கையில் இல்லை! சில போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் என்று ஒரு பட்டன் இருக்கும். பென் டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு அந்த பட்டனை அழுத்தினால் ப்ராசசர் இல்லாமலேயே அப்டேட் ஆகும். வாங்குவதற்கு முன், போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசசர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ப்ராசசருக்கு எதிரிலும் குறைந்தபட்சம் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். விற்பவரிடம் “இதுல எந்த பயாஸ் இருக்கு?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நீளம்தான், இரண்டிலும் 288 தொடுமுனைகள். கீழ் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்த வெட்டு இடிக்கும்போது அழுத்தாதீர்கள், ஸ்லாட்தான் உடையும். ஏஎம்4-க்கு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும் என்பது தெளிவு. குழப்பம் வருவது எல்ஜிஏ 1700-இல். 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள் இரண்டு ரேமையும் ஏற்கும். ஒரு போர்டில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. பி760 என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான போர்டும் விற்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் முழு மாடல் பெயரையும் படியுங்கள்.

16 ஜிபி வேண்டுமென்றால் ஒற்றை 16 வாங்குவதைவிட இரண்டு 8 வாங்குவது நல்லது. இரண்டு ஸ்டிக் இருந்தால் ப்ராசசர் இரண்டு பாதையில் தகவலை எடுக்கும். 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசசரில் இந்த வித்தியாசம் கேம் ஆடும்போதே தெரியும், ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் சாப்பாடு. நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பொதுவாக ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். முதல் இரண்டு ஸ்லாட்டில் மாட்டினால் ஆன் ஆகும், ஆனால் ஒரு பாதையில்தான் ஓடும்.

கிராபிக்ஸ் கார்டில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நீளமான ஸ்லாட்டில்தான் உட்காரும். ஆனால் பயன்படுத்துவது நான்கே லேன்களை (தகவல் போகும் பாதைகளை), அதுவும் பிசிஐஇ என்ற இணைப்பு முறையின் 4.0 பதிப்பு வேகத்தை நம்பி. பி450 போர்டும் 5600ஜி ப்ராசசரும் பிசிஐஇ 3.0-தான் தரும். அப்போது அந்த நான்கு லேன்களின் வேகமும் பாதியாகிவிடும், பல கேம்களில் நன்றாகவே அடி வாங்கும். மலிவு போர்டுக்கு மலிவு கார்டு என்று சேர்ப்பவர்கள் லேன் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. பட்ஜெட் இடிக்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். நான் கடைசியில்தான் கை வைப்பேன். பெட்டியில் 750 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 30 ஆம்பியர் என்று இருந்தால் 12 தடவை 30, அதாவது 360 வாட்தான் ப்ராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கும். மறுபக்கம், தேவையும் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ரைசன் 5600 அதிகபட்சம் 76 வாட் இழுக்கும், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் 300-ஐத் தாண்டாது. நல்ல தரமான 500 அல்லது 550 வாட் தாராளம். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்று இல்லை.

கேபிள் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். கார்டுக்கு 6 பின் கேபிள் இல்லை என்று ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மின் இணைப்பிலிருந்து மாற்றும் அடாப்டரை வாங்காதீர்கள். சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகும். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துச் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும், உள்ளே இருக்கும் போட்டோக்களோடு.

மற்றவை அளவு சம்பந்தப்பட்டவை. கார்டின் நீளம், கூலரின் உயரம், கேபினட் தாங்கும் அளவு, மூன்றையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிடுங்கள். எல்ஜிஏ 1200-க்கு வாங்கிய கூலர் 1700-இல் அப்படியே உட்காராது, துளைகளின் இடைவெளி மாறிவிட்டது. எஸ்எஸ்டி டிரைவை மாட்டும் எம்.2 ஸ்லாட் வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டுமா, அதில் டிரைவ் போட்டால் எந்த சாட்டா போர்ட் செயலிழக்கும் என்பதெல்லாம் போர்டின் கையேட்டில் இருக்கும்.

மாதம் ஒரு பொருளாக வாங்குவதைப் பலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். முதலில் வாங்கிய போர்டைச் சோதிக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும். பணத்தைச் சேர்த்து வைத்து, முழுப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிச் சரிபார்த்த பிறகு சேர்ந்தாற்போல் வாங்குங்கள்.

பொருட்கள் வந்ததும் நேராக கேபினட்டில் பூட்டாமல், போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து ப்ராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணையுங்கள். ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். பயாஸ் திரை வந்துவிட்டால் எல்லாவற்றையும் கேபினட்டில் பூட்டி, இரண்டாவது ரேமையும் மாட்டி, மறுபடி பயாஸுக்குள் போங்கள். ப்ராசசர் பெயர், ரேம் அளவு, ரேம் வேகம், டிரைவ் நான்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று வாங்கிய ரேம் 2400 அல்லது 2666 என்று காட்டினால் பழுது என்று பதற வேண்டாம். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்ட அங்கேயே எக்ஸ்எம்பி என்று ஒரு தேர்வு இருக்கும், ஏஎம்5 போர்டுகளில் எக்ஸ்போ. அதை ஆன் செய்து, சேமித்து வெளியே வாருங்கள்.