தனியார் சாலைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அனுமதி குறிப்பது எப்படி?

எங்கள் குடியிருப்பு கேட்டில் 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் திருத்தப் பழகிய புதிதில், அதைப் பார்த்து உள்சாலைகளுக்கெல்லாம் 'ஆக்சஸ்=நோ' என்ற டேக்கை (யார் போகலாம் என்று சொல்லும் குறிப்பை) போட்டுவிட்டேன். சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்த நண்பர் பின்பக்க மதிலுக்கு வெளியே நின்றபடி போன் செய்தார்: "மேப் இதோட முடியுதே, எப்படி வர்றது?" தப்பு என்னுடையது. 'நோ' என்றால் யாருக்குமே வழியில்லை என்று அர்த்தம்.

பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை இந்த ஆக்சஸ் டேக் சொல்வதில்லை. கேட்டில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அதனால் முதல் வேலை, நேரில் போய்ப் பார்ப்பது. செயற்கைக்கோள் படத்தில் வாட்ச்மேன் தெரியமாட்டார். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதவும் கூடாது, உரிமச் சிக்கல்.

சரி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் திறந்து 'எடிட்' அழுத்துங்கள். பலரும் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான்: வெளியே உள்ள பஞ்சாயத்துத் தெருவும் உள்சாலையும் ஒரே கோடாக இருக்கும். அப்படியே டேக் போட்டால் ஊர்த் தெருவும் தனியார் ஆகிவிடும். கேட் இருக்கும் இடத்தில் கோட்டின்மேல் இரட்டைக் கிளிக் செய்து ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்' விசையை அழுத்தினால் கோடு இரண்டாகும்.

இப்போது உள்பகுதியைக் கிளிக் செய்தால், இடப்பக்கம் 'அலவ்டு ஆக்சஸ்' என்ற பகுதி வரும். "எந்த வீடு சார்?" என்று கேட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கி விடும் இடம் என்றால் 'பிரைவேட்'. வழி தேடும் ஆப்கள் பெரும்பாலும் இந்தச் சாலையில் குறுக்கே புகுந்து போகாது. ஆனால் உள்ளே இருக்கும் வீட்டுக்கு வழி காட்டும். சொந்த நிலம்தான், ஆனால் உரிமையாளர் எல்லாரையும் போகவிடுகிறார் என்றால் 'பெர்மிசிவ்'. ஓட்டல் பார்க்கிங் மாதிரி இடத்துக்கு 'கஸ்டமர்ஸ்'.

பக்கத்துச் சின்ன கேட் வழியாக ஊர்க்காரர்கள் நடந்து போய்வருகிறார்களா? 'ஃபுட்' வரிசையில் மட்டும் 'பெர்மிசிவ்' கொடுங்கள். பொதுவான ஆக்சஸைவிடக் குறிப்பான டேக்குக்குத்தான் மதிப்பு. அப்புறம் கோட்டை வெட்டிய அந்தப் புள்ளியை 'கேட்' ஆக்கி, அதற்கும் இதே அனுமதியைப் போடுங்கள்.

வீட்டு வாசல் வரை போகும் ஒவ்வொரு சின்னப் பாதைக்கும் 'பிரைவேட்' போட்டுத் தள்ளுவார்கள் சிலர். பலகையோ கேட்டோ இல்லாத இடத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

சேமிக்கும்போது 'நேரில் பார்த்தது, கேட்டில் பலகை உள்ளது' என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, தளத்திலேயே கார், நடை இரண்டுக்கும் வழி தேடிப் பாருங்கள். நடைக்கு மட்டும் சின்ன கேட் வழியே குறுக்குப் பாதை வந்தால், டேக் சரியாக விழுந்திருக்கிறது.