தரைவீட்டுப் பின்கட்டில் வெயிலே நீர் காய்ச்சும் குளியலிடம்

குளிர்நாட்டவருக்காக எழுதப்பட்ட சூரிய வெந்நீர்க் குறிப்புகளைச் சிங்கப்பூரில் அப்படியே பின்பற்றுவது வீண் செலவு. கண்ணாடிப் பெட்டியும் வெப்பக்காப்பும் தெற்கு நோக்கிய சாய்வும் அவர்களுக்குத் தேவை. இங்கோ குழாயில் வரும் நீரே 28 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பதால், குளிப்பதற்கு இதமான 40 டிகிரியை எட்ட இன்னும் 12 டிகிரி ஏறினால் போதும். 40 லிட்டருக்கு அது அரை யூனிட் மின்சாரத்தைவிடச் சற்றே அதிகமான வெப்பந்தான். சூடாக்குவதைவிட, கொசு புகாமல் காப்பதும் குளித்த நீரை உரிய இடத்தில் சேர்ப்பதுமே இங்கு அதிகக் கவனம் கோருபவை.

ஆகவே வடிகாலை முடிவு செய்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியானவை. கால்வாயில் ஓடும் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குச் சென்று குடிநீராகத் திரும்புவதால், சோப்பு நுரையை அதில் விடக்கூடாது. அதேபோல, மழைநீர் கழிவுநீர்க் குழாயில் கலப்பதையும் தவிர்க்க வேண்டும் என்பதால், குளிக்கும் இடத்திற்குக் கூரை இருப்பது நல்லது. சமையலறைக்குப் பின்னால், கழிவுநீர்க் குழாயுடன் ஏற்கெனவே இணைக்கப்பட்ட தரைத்துளையும் மேலே கூரையும் உள்ள பகுதியே மிகவும் பொருத்தமானது. குளியல் கூரைக்குக் கீழும் நீர் காயும் குழாய்கள் கூரைக்கு மேலும் அமையும். தரைத்துளை இல்லாத வீட்டினர் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அணுக வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரம் இதற்கான இடமே அன்று.

நீரைக் காய்ச்சும் பாகத்திற்கு, 4 அங்குல விட்டமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட மூன்று பிவிசி குழாய்கள் வேண்டும். ஜாலான் புசார் வட்டார ஹார்ட்வேர் கடைகளில் இவற்றை அளவுக்கு வெட்டியே வாங்கலாம். மூன்றிலும் சேர்ந்து 45 லிட்டருக்கு மேல் கொள்ளும். குழாய்களின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பற்ற கறுப்புச் சாயம் பூசி, இரு முனைகளையும் பசையிட்டு மூடியால் அடைக்கவும். ஒரு முனையின் மூடிகளில் அடிவிளிம்பை ஒட்டித் துளையிட்டு, சிறு குழாயால் மூன்றையும் இணைத்து, வால்வு வழியாகக் கீழே இறக்கவும். மறுமுனையில் மேல்விளிம்பை ஒட்டித் துளையிட்டு, அவற்றையும் இணைத்து, ஒரே குழாயை நிமிர்த்தி வைக்கவும். இந்த நிமிர்ந்த குழாயே காற்று புகும் வழி. இது அடைபட்டால், வால்வைத் திறந்தாலும் நீர் சரியாக இறங்காது. பசை ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகே நீர் நிரப்ப வேண்டும்.

நீருடன் சேர்த்து ஏறத்தாழ 60 கிலோ எடை இருக்கும் என்பதால், கூரைத் தகட்டின் மேல் நேரடியாக வைக்காமல், சுவரில் உறுதியாகப் பொருத்திய எஃகுச் சட்டத்தின் மீது குழாய்களைக் கிடத்தவும். வால்வு உள்ள முனை 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் நீர் எஞ்சாமல் வடியும். சூரியன் ஜூனில் சற்று வடக்காகவும் டிசம்பரில் சற்று தெற்காகவும் செல்வதால், திசையைப் பற்றிக் கவலை வேண்டாம்; பக்கத்து வீட்டு நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கு நீர் இறங்குவது அதன் எடையால் மட்டுமே என்பதால், அழுத்தம் தேவைப்படும் அலங்காரத் தூவிகள் (ஷவர் முகப்புகள்) ஏமாற்றும். செடிக்கு நீர் ஊற்றும் பூவாளியின் அகன்ற முகமே இதற்குச் சிறந்தது.

காலையில் காற்றுக்குழாயின் வாயில் புனல் வைத்து நிரப்பவும். ரப்பர் குழாயின் முனை புனலில் மூழ்காமல் மேலே நிற்கட்டும். இல்லையேல் குழாயில் அழுத்தம் குறையும் வேளையில் இந்த நீர் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும். நிரப்பியதும் 1 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள எஃகு வலையால் வாயை மூடி இறுக்கிக் கட்டவும். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு தேங்கிய நீரே போதும். முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும்.

நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்கு. தெளிந்த வானமாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நீர் தயாராகிவிடும். பிற்பகல் இடிமழை சூட்டைக் கழுவிச் சென்றுவிடும் என்பதால், குளியலை மாலைவரை தள்ளிப்போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வெயில் கடுமையான நாள்களில் நீர் பொறுக்க முடியாத அளவுக்குக் காய்ந்துவிடக்கூடும். ஆகவே முதலில் கையில் படவிட்டுப் பார்த்து, தேவையானால் வாளியில் குளிர்ந்த நீருடன் கலந்து குளிக்கவும். குழந்தைகளை நேரடியாகத் தூவியின் கீழ் நிறுத்த வேண்டாம்.

இந்த நீர் குடிப்பதற்கு உரியதன்று. எஞ்சிய நீரை மறுநாளைக்கு வைத்திருப்பதும் கூடாது. 25 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா நுண்ணுயிர் பெருகும், அது தூவலுடன் மூச்சில் புகுந்தால் நுரையீரலைத் தாக்கும். குளித்து முடித்ததும் வால்வைத் திறந்து, மிச்ச நீரை முழுதும் வடித்துவிடவும்.